நான்தாங்க தாயார்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, திருச்சியில் நடந்தது இது. கைலாசபுரம் பக்கம் பெரிய தொழிற்சாலை வரப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். நாங்கள் துறையூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் கடலையும் வெங்காயமும் போட்டுப் பிழைக்கிறவர்கள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் நான் திருச்சியைக் கண்ணால் பார்த்ததில்லை. என் ஓரகத்தி பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு வந்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாளா என்றால் இல்லை. குழம்புக்கு உப்புப் போதாது என்று சொல்ல வந்தால்கூட "திருச்சியில ஓட்டல்ல..." என்றுதான் ஆரம்பிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் வெங்காயம் நல்ல விலைக்குப் போனது. நானும் திருச்சி பார்க்க வேண்டும், எவர்சில்வர் தூக்கு ஒன்று வாங்க வேண்டும் என்று நச்சரித்து நச்சரித்து என் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தேன். ஒரு பகல் சுற்றிப் பார்ப்பது, ராத்திரி லாட்ஜில் தங்குவது, மறுநாள் காலையில் ஊர் திரும்புவது என்று ஏற்பாடு. நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தங்கமான மனுஷன். ஆனால் சந்தேகம் அவருக்கு உடம்போடு பிறந்தது. வெங்காய வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டால் சண்டை போடுவார். கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டாலோ, ஏன் கொடுத்தான், இதில் என்ன சூது இருக்கிறது என்று ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருப்பார். போதாக்குறைக்கு, அந்த வருஷம் எங்கள் பக்கம் பிள்ளை பிடிக்கிறவர்கள் பற்றிய பேச்சு பலமாக அடிபட்டுக்கொண்டிருந்தது. எங்கேயோ பாலம் கட்டுகிறார்களாம், தூண் நிற்க மாட்டேன் என்கிறதாம், அதற்குப் பலி கொடுக்கச் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம். எந்த ஊர்ப் பாலம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவோம்.

அதனால் பஸ் ஏறுவதற்கு முன்பே என் கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டு, ஊக்குக்கு மேல் ஊக்காகக் குத்தி, மேலே முந்தானையை இழுத்துப் போர்த்தி விட்டார். மகள் கழுத்தில் அவளுடைய தாய்மாமன் போட்ட மெல்லிய சங்கிலி ஒன்று கிடந்தது. அதைக் கழற்றச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். வெறும் கழுத்தோடு பிள்ளையைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனதாக ஓரகத்தி நாளைக்குப் பேச மாட்டாளா?

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் பக்கத்தில் ஒரு ஓட்டலுக்குப் போனோம். பூரி மசால் கேட்டோம். பூரி பந்து மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. மகள் கைகொட்டிச் சிரித்தாள். என் வீட்டுக்காரர் விரலால் குத்திப் பார்த்தார். புஸ்ஸென்று அமுங்கிப் போனது. அவர் முகம் மாறியது.

"உள்ள ஒண்ணுமே இல்ல புள்ள. காத்த அடைச்சு விக்கிறான்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். ஒல்லியான மனிதர், நெற்றியில் பளிச்சென்று நாமம், மடியில் ஒரு கறுப்புக் குடை, காலடியில் துணிப்பை. என் வீட்டுக்காரர் முறைத்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "குழந்தைக்கு மசால் காரமா இருக்கும், சக்கரை கேட்டு வாங்கிக்கோங்கோ" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ஒரு கட்டிக் கல்கண்டை மகள் கையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். மகள் அதை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் என் வீட்டுக்காரர் வெடுக்கென்று பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார்.

"மருந்து கிருந்து தடவியிருப்பான். தின்னா மயங்கிப் பின்னாலயே போயிடும்" என்றார் என்னிடம். மகள் ஓவென்று அழுதாள். கொடுத்தது போலக் கொடுத்துப் பிடுங்கினால் எந்தப் பிள்ளைதான் அழாது? எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கும் அப்போது தோன்றவில்லை.

அங்கிருந்து மலைக்கோட்டைக்குப் போனோம். மலையைக் குடைந்த படிகள், உள்ளே குளுகுளுவென்று அரை இருட்டு, வௌவால் வாடை. நடுவில் தாயுமானவர் சன்னதி. பிரசவத்துக்குத் துணையாக வர வேண்டிய தாய் காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுவிட, சிவனே அந்தத் தாய் வேஷத்தில் வந்து பிள்ளைப்பேறு பார்த்த கதையைப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் எனக்குச் சொன்னாள். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் தலைப்பிரசவத்தில் என் அம்மாவும் சமயத்துக்கு வந்து சேரவில்லை. உச்சிக்கு ஏறிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து நின்றோம். ஜிலுஜிலுவென்று காற்று. கீழே காவிரி, அதற்கு அப்பால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். மகள் கல்கண்டை மறந்து குதித்தாள். எனக்கு ஓரகத்தி ஞாபகம் வந்தது. இவள் சொன்னதெல்லாம் கால்வாசிகூட இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இறங்கிப் பெரிய கடைவீதிக்கு வந்து எவர்சில்வர் கடையில் ஏறினோம். எவர்சில்வர் அப்போதுதான் ஊரில் பரவிக்கொண்டிருந்தது. பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை புண்ணான எங்களுக்கு அது ஒரு கனவு. கடைக்காரர் ஒரு தூக்கை எடுத்து வைத்தார். முகம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் மடியிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்தார். காந்தம் ஒட்டினால் போலிச் சரக்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார், என்னிடம்கூடச் சொல்லவில்லை. தூக்கின் அடியில், மூடியில், காதில் எல்லாம் காந்தத்தை வைத்து வைத்துப் பார்த்தார். கடையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மானம் போனது.

"நல்ல சரக்குத்தான், தைரியமா வாங்கிக்கலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால் அதே குடைக்காரர். அவர் ஒரு டம்ளர் வாங்க வந்திருந்தார் போல. மகளைப் பார்த்ததும் சட்டைப் பைக்குள் கையை விட்டார். இவர் சட்டென்று பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

தூக்கை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்ததும் இவருக்குப் படபடவென்று வந்தது. "கடைக்காரனும் அவனும் கூட்டு. சாப்புடற எடத்துலயும் அவன், வாங்குற எடத்துலயும் அவன். நெத்தியில போட்ட நாமம் பத்தாதுன்னு நமக்கும் ஒண்ணு போடப் பாக்கறான்." எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நானும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சந்தேகம் அம்மை மாதிரி. வீட்டில் ஒருத்தருக்கு வந்தால் அடுத்தவருக்கும் வந்துவிடும்.

லாட்ஜில் படுத்து எழுந்து, சாயங்காலம் ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ் ஏறினோம். புதுத் தூக்கை அறையில் விட்டுவைக்க மனமில்லாமல் நான் கையிலேயே கொண்டுவந்தேன். லாட்ஜ்காரன் மேலும் சந்தேகம், வேறென்ன. பஸ் கிளம்பும்போது ஒருவர் ஓடிவந்து ஏறினார். கறுப்புக் குடை, துணிப்பை. நேராக வந்து எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் என் முழங்கையைக் கிள்ளினார்.

அவர் திரும்பி எங்களைப் பார்த்ததும் பழகினவர் மாதிரி முகம் மலர்ந்தார். "கோயிலுக்கா? பேஷ். முதல்ல தாயாரைச் சேவிச்சுடணும், அப்புறந்தான் பெருமாள். அதான் முறை. நானும் நேரா அங்கதான் போறேன், என்னோடயே வாங்கோ."

எங்களுக்குத் தெரிந்த தாயார், பெற்ற தாயார்தான். இன்னாருடைய தாயார் காலமானார் என்று தகவல் சொல்லி அனுப்புவார்களே, அந்தத் தாயார். இந்த மனிதர் முன்பின் தெரியாத எங்களைத் தன் அம்மாவின் காலில் விழுந்து கும்பிட வீட்டுக்குக் கூப்பிடுகிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். இவரும் அப்படித்தான் விளங்கிக்கொண்டார்.

"அவங்க இங்க வரமாட்டாங்களா?" என்று இவர் ஆழம் பார்த்தார்.

"தாயாரா? படி தாண்ட மாட்டாளே. நாமதான் தேடிண்டு போகணும்."

"நடக்க முடியாதுங்களா, பாவம்?"

பஸ் இரைச்சலில் அவர் இதை ஏதோ கிராமத்துக் குறும்பு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, வாய்விட்டுச் சிரித்தார். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற. நகையெல்லாம் சாத்திண்டு ஜம்முனு இருப்பா. குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, தாயாருக்கு மனசு குளிர்ந்துடும். என் ஆத்துக்காரியும் அங்கதான் காத்துண்டிருப்பா" என்றார்.

அவர் முன்னால் திரும்பியதும் இவர் என் காதில் கிசுகிசுத்தார். "நடக்க முடியாத கெழவிக்கு நகை எதுக்கு புள்ள? எல்லாம் நம்மள மாதிரி வந்தவங்ககிட்டக் கழட்டுனதா இருக்கும். பொண்டாட்டியும் கூட்டு."

நானும் யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸில் இத்தனை பேர் இருக்கும்போது எங்களிடம் மட்டும் ஏன் இந்த அக்கறை? காலையிலிருந்து ஏன் பின்னாலேயே வருகிறார்? பிள்ளையைக் கொண்டுவா, பிள்ளையைக் கொண்டுவா என்று ஏன் சொல்கிறார்? மகளோ என் மடியில் நின்றுகொண்டு அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீரங்கத்தில் இறங்கியதும், அந்தக் காலத்தில் பாதியில் நின்றுபோயிருந்த மொட்டைக் கோபுரத்துக்குக் கீழே, இவர் தந்திரமாக ஒரு வழி கண்டுபிடித்தார். "நீங்க முன்னால போங்க, நாங்க தேங்கா பழம் வாங்கிட்டுப் பின்னாலயே வந்துடறோம்" என்று கும்பிடு போட்டார். அந்த மனிதர், "சரி, தாயார்கிட்ட காத்துண்டிருக்கேன், கட்டாயம் வந்துடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குடையை ஊன்றிக்கொண்டு போனார். அவர் தலை மறையும் வரை நாங்கள் ஒரு தேர்முட்டிக்குப் பின்னால் நின்றோம்.

பிறகு மெதுவாக நடந்து கோயிலுக்குள் ரங்கவிலாச மண்டபத்துக்கு வந்தோம். ஒரு தெருவையே தூக்கிவந்து கூரைக்குக் கீழே வைத்தது போல இருந்தது. வளையல், குங்குமம், சீப்பு, மரச்சொப்பு, மாலை, ஊதுபத்தி. கூட்டமும் திருவிழாக் கூட்டம். நான் ஒரு வளையல் கடையில் நின்றேன். கையைப் பிடித்து வளையல் போட்டுவிடுகிற அம்மாளிடம் ஒரு கையைக் கொடுத்தேன். இன்னொரு கையில் தூக்கு. அதாவது, மகளைப் பிடித்திருந்த கையை விட்டேன். இவர் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். இவரோ தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, குடைக்காரர் எங்காவது தென்படுகிறாரா என்று கூட்டத்தை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். நான் பிடித்திருக்கிறேன் என்று அவர் நினைத்தார்.

வளையல் போட்டு முடிந்து குனிந்து பார்த்தால் பிள்ளை இல்லை.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்ல? காது அடைத்துப்போனது. மண்டபத்தில் அத்தனை பேர் வாய் அசைகிறது, ஒரு சத்தமும் கேட்கவில்லை. பாப்பா, பாப்பா என்று கத்தினேன். எத்தனையோ பாப்பாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் முகம் சாம்பலாகிவிட்டது. "அவந்தான்" என்றார்.  வெளிவாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று அவர் வாசலைப் பார்த்து ஓடினார். நான் உள்ளே ஓடினேன். கையிலிருந்த தூக்கு எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. பாலம், தூண், பலி என்று கேட்ட கதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து என் கண் முன்னால் நின்றது. அன்றைக்கு வரைக்கும் சங்கிலிக்குத்தான் பயந்தேன். மகள் கிடைத்தால் போதும், சங்கிலியை மட்டும் இல்லை, என்னையே எடுத்துக்கொள் என்று எந்தச் சாமியிடம் என்று தெரியாமல் வேண்டிக்கொண்டே ஓடினேன்.

எங்கெல்லாமோ தேடி வெகு நேரம் ஆகிவிட்டது. கருடன் சன்னதியைத் தாண்டி ஒரு மூலையில் பூ விற்கிற பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய் மூச்சு வாங்கக் கேட்டேன். ஒல்லியாக ஒருவர், நாமம் போட்டவர், கறுப்புக் குடை, கூட ஒரு பெண் பிள்ளை, மஞ்சள் பாவாடை.

"ஆமா, அந்தப் புள்ள அவரு வேட்டியப் புடிச்சிக்கிட்டே வந்துச்சே. அப்பவே தாயார்கிட்ட கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு" என்றாள் அவள், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு வெறி பிடித்தது போல ஆகிவிட்டது. "நான்தாங்க தாயார்" என்று அலறினேன். "எங்கிட்ட கொண்டாரலியே. நான்தாங்க அதைப் பெத்த தாயார்."

அவள் கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கப் போனவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள். "அடி என்னப் பெத்த ஆத்தா, எந்த ஊரு நீங்க? தாயார்னா பெருமாளோட தாயாரு. லட்சுமி. அவங்க சன்னதிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காரு. இப்படியே வடக்கால போங்க" என்று கையை நீட்டினாள்.

காலையில் தாயுமானவரைக் கும்பிட்டுக் கண் கலங்கினவளுக்குச் சாயங்காலம் தாயார் யார் என்று தெரியவில்லை. படி தாண்ட மாட்டாள் என்றாரே, நகையெல்லாம் சாத்திக்கொண்டு இருப்பாள் என்றாரே, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. ஆனால் பிள்ளையைக் கண்ணால் பார்க்கும் வரை எதையும் நம்ப மனம் வரவில்லை. வாசலில் தேடிவிட்டுத் திரும்பி ஓடிவந்த என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

தாயார் சன்னதி மண்டபத்தில் ஒரு தூணில் சாய்ந்து மடிசார் கட்டிய ஒரு மாமி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் என் மகள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். உதட்டோரம் சர்க்கரைப் பொங்கல் ஒட்டியிருந்தது.  அப்படியே உட்கார்ந்து பிள்ளையை அள்ளப் போனேன்.

மாமி என் கையைத் தட்டிவிட்டாள்.

"யாரும்மா நீ?"

"என் புள்ளைங்க."

"அப்படியா? குழந்தை பேர் என்ன?"

பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் குறித்து வைத்திருந்த பெயரைச் சொன்னேன். மாமியின் புருவம் உயர்ந்தது. குழந்தை வேறு பெயரல்லவா சொன்னது என்றாள். வீட்டில் நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், அவள் பெயர் அவளுக்கே தெரியாது என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு பொய் மாதிரி இருக்கிறது என்று எனக்கே பட்டது. தலைவிரி கோலம், வியர்வை, குங்குமம் நெற்றியெல்லாம் வழிந்திருக்கிறது, ஒரு கையில் மட்டும் புது வளையல். என்னைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

"கழுத்துல சங்கிலி போட்ட குழந்தை. என் குழந்தைன்னு எத்தனை பேர் வேணாலும் வருவா. எங்காத்துக்காரர் உங்களைத் தேடிண்டுதான் போயிருக்கார். பெத்தவாளை அவருக்குத் தெரியும். அவர் வந்து இவாதான்னு சொல்லட்டும். அதுவரைக்கும் தரமாட்டேன்" என்றாள் மாமி. சொல்லிவிட்டுத் தூங்குகிற பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன். மகளின் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு மேலே ஊக்குக் குத்தியிருந்தாள்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க புள்ளைய எங்களுக்கே தரமாட்டேன்னா என்னங்க நியாயம்?" என்று குரலை உயர்த்தினார். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர்கூட எங்கள் பக்கம் பேசவில்லை. எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். காலையிலிருந்து நாங்கள் அந்த மனிதரைப் பார்த்தோமே, அந்தப் பார்வை. பின்னால் நின்ற ஒருவர், "போலீஸ்ல சொல்லுங்கோ" என்றார். என் வாழ்க்கையில் அப்படிக் கூசிக் குறுகி நான் நின்றதே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் என் பிள்ளை தூங்குகிறாள், நான் தொடக் கூடாது.

சத்தத்தில் மகள் கண் விழித்தாள். என்னைத்தான் முதலில் பார்ப்பாள், அம்மா என்று கையை நீட்டுவாள், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் கையை விரித்தேன். அவள் பார்த்தது அப்பாவை. பார்த்ததும் வலது கையைச் சடக்கென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"தரமாட்டேன். அப்பா தூக்கிப் போட்டுரும்" என்றாள்.

"எதைடி தூக்கிப் போடுவார்?" என்று மாமி கேட்டாள்.

மகள் விரலை விரித்துக் காட்டினாள். பிசுபிசுத்த உள்ளங்கையில் பாதி கரைந்த கல்கண்டு. "மாமா குடுத்துச்சு. காலையில அப்பா தூக்கிப் போட்டுருச்சு. அதுல மருந்து இருக்காம்" என்று கணீரென்று சொன்னாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த மனிதர் சரியாக அந்த நேரத்தில் வந்து நின்றார். குடையை எங்கேயோ விட்டுவிட்டிருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. அவர் காதில் அது விழுந்துவிட்டது என்று அவர் முகமே சொல்லியது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

மாமிதான் முதலில் வாயைத் திறந்தாள். எங்களிடம் இல்லை, தன் புருஷனிடம். "பெத்தவாளைக் கேக்காம யார் குழந்தைக்கும் எதையும் கொடுக்காதேள்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அவர் தூக்கிப் போட்டது சரிதான்" என்றாள்.

அவர், "வாஸ்தவம், கேட்டுட்டுத்தான் கொடுத்திருக்கணும்" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மண்டபத்துக் கடையில் தான் குங்குமம் வாங்க நின்றுவிட்டுக் கிளம்பியபோது இந்தக் குழந்தை கூட்டத்தில் எப்படியோ தன் பின்னாலேயே வந்து வேட்டியைப் பிடித்ததாகவும், நாங்கள் தாயார்கிட்ட வருவதாகச் சொல்லியிருந்ததால் இங்கேயே வைத்திருந்தால் தேடி வந்துவிடுவோம் என்று நினைத்ததாகவும், நேரமாகியும் வராததால் மனம் கேட்காமல் தேடப் போனதாகவும் மூச்சிரைக்கச் சொன்னார். நாங்கள் சொன்ன பொய்யை நம்பி அவர் காத்திருந்திருக்கிறார்.

பிறகு என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். இத்தனை வருஷத்தில் அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் அதுதான். அந்த மனிதர் முன்னால் போய்க் கையை நீட்டினார். "எனக்கும் ஒண்ணு குடுங்க" என்றார். அவர் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். கண்ணோரம் நனைந்திருந்தது. மகள், "அப்பா, மயக்கம் வருதா?" என்று கேட்டாள். அதுவரை இறுக்கமாக இருந்த மாமிகூடச் சிரித்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் மாமி எழுந்து, ஊக்கைக் கழற்றாமல், பிள்ளையை என் இடுப்பில் வைத்தாள். "கூட்டத்துல கையை விடாதே. பேரையும் சொல்லிக் கொடு" என்றாள். நான் அவள் காலில் விழப் போனேன். சன்னதியில் மனுஷாளைச் சேவிக்கக் கூடாது, உள்ளே தாயார் இருக்கிறாள், அவளைச் சேவி என்று தடுத்துவிட்டாள்.

உள்ளே போனோம். விளக்கு வெளிச்சத்தில், அவர் சொன்ன மாதிரியே நகையெல்லாம் சாத்திக்கொண்டு, ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள் தாயார். என் வீட்டுக்காரர் கும்பிட்ட கையோடு என் பக்கம் சாய்ந்து, "இந்தம்மாவையா புள்ள நான் கெழவின்னேன்" என்று முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எதைக் கும்பிட்டேன், என்ன வேண்டினேன் என்று ஞாபகமில்லை. வெளியே வரும்போது பார்த்தால் என் ஊக்குகள் எல்லாம் எப்போதோ கழன்று, சங்கிலி முந்தானைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. அத்தனை கூட்டத்திலும் அதை யாரும் தொட்டிருக்கவில்லை.

எவர்சில்வர் தூக்கு கிடைக்கவில்லை. நாங்கள் தேடவும் இல்லை. ஊருக்குப் போனதும் ஓரகத்தி, "திருச்சிக்குப் போயி ஒரு கை வளையல்தான் வாங்கினியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து மகளுக்கு அவள் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, பாப்பாதான் நன்றாக இருக்கிறது என்றாள்.

என் வீட்டுக்காரருக்கு அதற்கப்புறம் சந்தேகம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். எங்கே போகும்? காந்தம் கடைசி வரை மடியிலேயே இருந்தது. எனக்கும்தான் போகவில்லை. ஆனால் நாங்கள் அன்று பகலெல்லாம் பட்ட சந்தேகத்தில் எங்கள் பிள்ளை தொலைந்தாள், மாமி பட்ட சந்தேகத்தில் அவள் பத்திரமாக இருந்தாள் என்பதை நான் மறக்கவில்லை. அவர்களை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. மகள் வளர்ந்து, கல்யாணமாகி, எத்தனையோ இடங்களுக்குப் போய் வந்துவிட்டாள். என்றாலும், என் பிள்ளையை எனக்கே தரமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்ட அந்த மடியைவிடப் பத்திரமான ஓர் இடத்தில் அவள் ஒரு நாளும் தூங்கியிருக்க மாட்டாள் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது.